துணிக்கூரை

காரின் துணிக்கூரை நடுவில் தொய்ந்திருந்தது. சமையலறைச் சன்னல் வழியாக அறிவழகன் அதைப் பார்த்தான். மனைவி வளர்மதி எழுந்து வருவதற்குள் சரி பண்ணிவிட வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது, கார் பாழாகிவிடுமே என்பது அதற்குப் பிறகுதான், இப்படி முன்னுக்குப் பின்னாகத் தோன்றியதே கூச்சமாக இருந்தது, அந்தக் கூச்சத்தோடு காலுறையைத் தேடி, ஒற்றைதான் கிடைத்து, இன்னொரு காலுக்கு அவளுடையதை மாட்டிக்கொண்டு, கனத்த கோட்டுக்குள் புகுந்து, சத்தமில்லாமல் வாசற்கதவைத் திறந்தான். குளிர் மூக்குக்குள் ஏறி அங்கேயே நின்றுகொண்டது. மினியாபொலிஸுக்கு வெளியே இந்த வரிசை வீட்டுக்கு வந்து எத்தனையோ குளிர்காலம் பார்த்தாயிற்று, இருந்தாலும் ஒவ்வொரு முறையும் உடம்பு, இது என்ன அநியாயம் என்று புதிதாகக் கேட்கத்தான் செய்கிறது. தெரு முழுக்க வெள்ளை. வீட்டு முன்னால் இரண்டு கார்கள், இரண்டு மேடுகள். ஒன்று வளர்மதியின் பழைய கார், அது இந்தக் குளிர்காலம் பூராவும் வெளியில்தான் நிற்கிறது. இன்னொன்று இவனுடைய கன்வெர்ட்டிபிள், கூரையைத் திறந்து மடிக்கிற சிவப்புக் கார், அது கராஜுக்குள் இருக்க வேண்டியது. ஒரு கார் மட்டும் நிற்கிற கராஜ். அதில் அவள் கார்தான் இத்தனை காலமும் நின்றது. போன இலையுதிர் காலத்தில் அவளே சாவியை எடுத்துப் போய்த் தன் காரை வெளியே விட்டுவிட்டு, "உங்க வண்டியை உள்ள விடுங்க, துணிக்கூரைங்க, பாவம், பனி தாங்காது" என்றாள். காரைப் போய்ப் பாவம் என்றாள். அன்றிலிருந்து விடியற்காலையில் அவள் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிற சத்தம் படுக்கையில் கிடக்கிற இவன் காதுக்குக் கேட்கும். கர்ரக், கர்ரக். இவன் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வான். எழுந்துபோய் நான் செய்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நேற்றைக்கு வந்த வினைதான் இது. குளிரில் ஓடாமலே கிடந்தால் பாட்டரி செத்துவிடும், சக்கரம் ஒரே இடத்தில் அழுந்திப்போகும், அதனால் அவ்வப்போது வெளியே எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வர வேண்டும். நேற்று மாலை அப்படி ஓட்டிவிட்டுத் திரும்பினால் கராஜ் கதவு ஏறவில்லை. அடிப்பக்கத்து ரப்பர் தரையோடு சேர்ந்து உறைந்துவிட்டது. மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. உதைத்தும் பார்த்தான். வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினால் இளகியிருக்கும், அதற்கு உள்ளே போக வேண்டும், அவள் என்ன ஏது என்று கேட்பாள், செருப்பை மாட்டிக்கொண்டு கூட வருவாள். ஒரு ராத்திரிதானே என்று விட்டான். வானம் தெளிவாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் கூரை மேல் ஒரு முழத்துக்குக் குறையாமல் ஏறிக் கிடக்கிறது, நடுவில் குழி விழுந்து, கம்பிகளுக்கிடையில் துணி தொட்டில் மாதிரி தொங்குகிறது. சுரண்டியைத் தொடக்கூடாது, துணி கிழிந்துவிடும். வெந்நீரும் ஆகாது. முக்கியமாக இந்தக் குளிரில் கூரையைத் திறக்கவே கூடாது, விறைத்த துணி மடிப்பில் வெடிக்கும், பின்பக்கத்துச் சன்னல் பெயர்ந்து வரும். இதெல்லாம் அவன் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. வளர்மதி படித்துவிட்டுச் சொன்னது. வாங்கின புதிதில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து படித்தாள், வீடியோக்கள் பார்த்தாள். குளிர்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு திரவத்தைத் தூரிகையால் அந்தத் துணி முழுக்கத் தடவினாள், மகளுக்குச் சின்ன வயதில் எண்ணெய் வைத்துவிடுவாளே, அதே மாதிரி, விரலால் ஓரமெல்லாம் தேய்த்து. எலி வராமலிருக்கப் புதினா எண்ணெயில் பஞ்சு நனைத்து இருக்கைக்கு அடியில் வைத்தாள். காருக்குள் ஏறினாலே அந்த வாசனைதான். அது அவனை மூச்சு முட்ட வைத்தது.

மென்மையான துடைப்பத்தால் முன்பக்கத்துப் பனியைத் தள்ளினான். சரிந்து அவன் பூட்ஸ் மேலேயே விழுந்தது. சிவப்பு கொஞ்சம் தெரிந்தது. இந்தச் சிவப்பை யார் தேர்ந்தெடுத்தது, நான்தானே, வெள்ளியும் இருந்தது, கறுப்பும் இருந்தது, விற்பனைக்காரன் கறுப்பு உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்றுகூடச் சொன்னான், உங்களுக்கு என்றால் உங்கள் வயதுக்கு என்று அர்த்தம், அது புரிந்துதான் சிவப்பு என்றேன். நாற்பத்தெட்டு வயதில் சிவப்பு. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்று வளர்மதி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னங்க இது, திடீர்னு. அப்போதுதான் அந்தப் பொய் வந்தது. திட்டமிட்டுச் சொன்னதில்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது போல வந்து விழுந்தது. மன்னார்குடியில் எட்டாவது படிக்கும்போது தெப்பக்குளத்தங்கரைக்கு ஒரு சினிமா ஷூட்டிங் வந்ததாகவும், அதில் இந்த மாதிரி கூரையில்லாத கார் ஒன்று நின்றதாகவும், பள்ளிக்கூடம் போகாமல் நாள் முழுக்கக் கயிற்றுக்குப் பின்னால் வெயிலில் நின்றதாகவும், சாயங்காலம் டிரைவர் கூப்பிட்டுக் கதவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதாகவும், அன்றைக்கே மனசில் விழுந்த ஆசை என்றும் சொன்னான். ஷூட்டிங் நடந்தது உண்மை. கார் வந்தது உண்மை. வெயிலில் நின்றது பெரியம்மா மகன் குணா. இவன் அப்போது மஞ்சள் காமாலையில் கிடந்தான், கீழாநெல்லியும் மோருமாக, குணா சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டு. கதவு சுட்டுச்சுடா, தோசைக்கல்லு மாதிரி, என்று குணா உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அந்தச் சூட்டைக்கூட இவன் விடவில்லை. வளர்மதியிடம் சொல்லும்போது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஏங்க சொல்லவே இல்ல என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இல்லம்மா, சும்மா சொன்னேன் என்று சிரித்திருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டான், கூச்சப்படுகிற பையனைப் போல, அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அவள் அண்ணன் துரைக்கண்ணு திருச்சியிலிருந்து போனில் கேலி செய்தபோது, என்னம்மா மாப்பிள்ளைக்கு இந்த வயசுல திறந்த வண்டி கேக்குதா என்றபோது, அவள் சீறினாள். கூடத்தில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு இவன் எல்லாவற்றையும் கேட்டான். உனக்கு என்னண்ணே தெரியும், எட்டாவது படிக்கிற பையன், நாள் பூரா வெயில்ல நின்னிருக்காரு, ஒரு ஆசைன்னு வாய் திறந்து ஒண்ணும் கேட்டதில்ல இந்த மனுஷன், தனக்குன்னு ஒரு நல்ல சட்டை எடுத்ததில்ல. அவள் சொல்லச் சொல்ல அந்தப் பையன் வளர்ந்துகொண்டே போனான். நண்பர்கள் வீட்டு விருந்தில் சொன்னாள். கல்லூரியில் இருக்கிற மகளிடம் சொன்னாள், மகள் போன் பண்ணி, அப்பா யூ ஆர் ஸோ ஸ்வீட் என்றாள். ஒரு கட்டத்தில் அந்தப் பையனுக்குச் செருப்பு இல்லாமல் போனது, அதை வளர்மதிதான் கழற்றியிருக்க வேண்டும், இவன் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை.

பக்கவாட்டுப் பனியைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்க நின்றான். எதிர்வீட்டுக் கிழவர் பனி தள்ளும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து கிளப்பினார், கையை உயர்த்தினார், இவனும் உயர்த்தினான். அவர் காரைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். எல்லாருக்கும் இந்தக் காரைப் பிடித்திருக்கிறது. மிருதுளாவுக்கும் பிடித்திருந்தது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்று துடைப்பத்தை ஓங்கினான், நினைவு துடைப்பத்தை விட வேகமாக இறங்கியது. ஆபீசில் புதிதாக வந்த கோயம்புத்தூர்ப் பெண். டீம் லீட் என்கிற முறையில் ஊர் சுற்றிக் காட்டுவது, வங்கிக் கணக்கு திறந்து கொடுப்பது, கடைக்குக் கூட்டிப்போவது, எல்லாம் நியாயமாகத்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே நடக்கும்போது கூரை திறந்த கார் ஒன்று கடந்து போயிற்று. அவள் நின்று பார்த்து, சார், இதுல போனா எப்படி இருக்கும்ல என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. காற்றைப் பார்த்துச் சொன்னது. அதை இவன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையணைக்கு அடியில் வைத்து, நாள்கணக்கில் வைத்து, கடைசியில் அது காராக ஆகிவிட்டது. ஒரே ஒரு முறை அவளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் போனான். ஜூன் மாதம். கூரை பின்னால் மடிந்து போக, வானம் அப்படியே தலைமேல் வந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் புதுச் சட்டை. தலைக்குச் சாயம் அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, காற்றில் முன்முடி விலகி வழுக்கை தெரியுமோ என்று ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் முடி. அவள் சிரித்தாள், துப்பட்டா பறந்தது, ஏதோ சொல்ல வாயெடுத்தான், என்ன சொல்ல இருந்தான் என்று இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. நல்ல வேளை, அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். அப்பா, இங்க பாருங்க, எங்க சார் கார். உங்க வயசுதாம்ப்பா இருக்கும், எவ்ளோ ஜாலியா இருக்காரு பாருங்க. போனைத் திருப்பி இவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில் வெள்ளை மீசை, நெற்றியில் திருநீறு, பனியன். அந்த மனிதர் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தவர், இவனைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். வணக்கம்ங்க சார். புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பிட்டு எங்களுக்குத் தூக்கமே இல்லீங்க. உங்களை மாதிரி பெரியவங்க ஒருத்தர் அங்க இருக்கீங்கன்னு இப்பத்தான் நிம்மதி. பார்த்துக்கோங்க சார். இவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டான். சார் ரோட்டைப் பாருங்க என்று அவள் கத்தினாள். பெரியவங்க. திரும்பி வரும்போது கூரையை மூடிவிட்டான், வெயில் தாங்கவில்லை என்று சொன்னான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து வளர்மதியின் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆன்ட்டி, ஆன்ட்டி என்று அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்றுமே நடக்கவில்லை. சொல்லப்போனால் அதுதான் தாங்க முடியாதது. ஏதாவது நடந்திருந்தால் அழுது மன்னிப்புக் கேட்கலாம். நடக்காத ஒன்றுக்கு எப்படிக் கேட்பது. அசடு வழிந்ததற்கு மன்னிப்பு உண்டா.

நடுப்பகுதிக்கு அவன் கை எட்டவில்லை. அழுத்தித் தள்ளினால் துணி இன்னும் தொய்ந்தது. உள்ளே போய் அடியிலிருந்து தூக்கிக் கொடுத்தால்தான் பனி நகரும் என்று தோன்ற, கதவைத் திறந்து ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். எஞ்சினைக் கிளப்பினான், அது இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. உள்ளே பகலே இல்லை. கண்ணாடியில் பாதி பனி, தலைக்கு மேல் பனி, ஒரு கறுத்த சாம்பல் வெளிச்சம், புதினா வாசனை. இரண்டு உள்ளங்கையையும் கூரையில் வைத்துத் தூக்கினான். கனத்தது. எருமை மாட்டு வயிற்றைத் தூக்குவது போலக் கனத்தது. அப்போது வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம், பூட்ஸ் சத்தம். மனசு, வந்துட்டா என்றது. ஓடி ஒளிகிற வயதுப் பையன் மாதிரி அவன் இருட்டில் குறுகிக்கொண்டான்.

"ஐயய்யோ, என்னங்க இது! வெளியவா நின்னுச்சு ராத்திரி பூரா?"

"கதவு உறைஞ்சு போச்சு."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல? நீங்க உள்ளயே இருங்க. தூக்கிப் பிடிங்க. நான் தள்ளுறேன்."

துடைப்பம் கூரை மேல் ஓடத் தொடங்கியது. மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு. துணிக்கு மேலே அவள், துணிக்குக் கீழே இவன். அவள் கை போகிற இடம் உள்ளங்கையில் தெரிந்தது. ஒரு கொத்துப் பனி சரிந்து பக்கவாட்டுக் கண்ணாடியைத் தாண்டி விழ, உள்ளே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நல்லவேளை திரவம் தடவி வச்சோம். ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. கவலைப்படாதீங்க. எனக்குத் தெரியும் உங்களுக்கு எப்படி இருக்கும்னு. கவலைப்படாதே என்று காய்ச்சல்காரனுக்குச் சொல்வது போலச் சொன்னாள், மேலேயிருந்து, அவள் முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால்தான் அவனால் முடிந்தது. முகம் தெரிந்திருந்தால் இன்னும் ஒரு குளிர்காலம், இன்னும் பத்துக் குளிர்காலம் அப்படியே போயிருக்கும்.

"வளரு, அது பொய்."

"என்னது? கேக்கல."

"நான் சொன்னது பொய்."

"எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலங்க. சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொல்ல வேண்டும். கடவுளே. ஒரு முறை மெல்லச் சொல்வதற்கே உயிர் போய்த் திரும்பியது. கையைக் கூரையில் வைத்தபடியே, வாயைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "நான் இந்தக் காரை ஒரு பொண்ணுக்காக வாங்கினேன்" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கிழவர் இயந்திரத்தை நிறுத்தினார். வார்த்தை தெருவில் தனியாகக் கேட்டது. தெருவில் யாருக்கும் தமிழ் தெரியாது என்று ஒரு கணம் ஆறுதல் வந்தது, அடுத்த கணமே, தெரிந்த ஒரே ஆளுக்குக் கேட்டுவிட்டது என்பது உறைத்தது. துடைப்பம் நின்றுவிட்டது.

உள்ளங்கைக்கு மேலே கனம் அப்படியே இருந்தது. கையை எடுத்தால் கூரை இறங்கிவிடும். அவன் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தான். போய்விட்டாளா என்று பார்க்கக்கூட வழியில்லை.

"எந்தப் பொண்ணு?" குரல் பக்கவாட்டுக் கண்ணாடியருகே வந்தது. அவன் ஒரு கையால் எஞ்சினை அணைத்தான்.

"ஆபீஸ்ல."

"பொங்கலுக்கு வந்துச்சே, கோயம்புத்தூர்ப் பொண்ணா?"

"ம்."

"ஏதாச்சும்..."

"இல்ல. ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு தடவை ஏரி வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். அதுக்கு ஒண்ணுமே தெரியாது வளரு. அது என்னை அவங்கப்பா வயசுன்னு..." சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருக்கும். இரக்கம் கேட்கிற மாதிரி ஒலித்ததோ என்று அதற்கும் வெட்கமாக இருந்தது.

எங்கோ ஒரு கார் பனியில் சிக்கிச் சக்கரம் சுற்றுகிற சத்தம்.

"அப்ப மன்னார்குடி?"

"குணா பாத்தது. எனக்கு அன்னைக்குக் காமாலை."

"நீங்க நிக்கவே இல்லையா? வெயில்ல?"

"இல்ல."

"கதவைத் தொட்டது?"

"அதுவும் குணாதான்."

பெண்ணைப் பற்றிக் கேட்டபோது இல்லாத ஒன்று இப்போது அந்தக் குரலில் இருந்தது, சாவுச் செய்தி கேட்டவர்கள் எப்போ, எப்படி என்று மறுபடி மறுபடி கேட்பார்களே, அது. இவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெண்ணை அவள் ஒரு வேளை ஜீரணித்துவிடுவாள். செருப்பில்லாமல் வெயிலில் நின்ற ஒரு பையனை இத்தனை மாதமாக அவள் வளர்த்திருக்கிறாள், முக்காலியில் ஏறித் தைலம் தடவியது அவனுக்கு, விடியற்காலையில் கை விறைக்கப் பனி சுரண்டியது அவனுக்காக. அந்தப் பையன் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. அவள் இவனிடம் சொல்லி அழுவதற்கும் வழியில்லை, இவன்தான் கொன்றவன்.

துடைப்பம் மறுபடி ஓடியது. அதே நிதானத்தோடு, ஓரத்திலிருந்து நடுவுக்கு, துணி நோகாமல். கோபத்தில் ஓங்கி அடிப்பாள் என்று எதிர்பார்த்தான், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மீதியிருந்த பனி ஒரே பாளமாக நழுவிப் பின்னால் விழுந்தது. பின்சன்னல் வழியாக வெளிச்சம் திடீரென்று உள்ளே வந்து அவன் மடியையும், பூட்ஸுக்கு மேலே எட்டிப் பார்த்த பொருந்தாத அந்த இரண்டு காலுறையையும் காட்டியது.

"கையை எடுங்க" என்றாள். "தாங்கும்."

இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கோட்டுப் பொத்தானைப் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும், வித்துடலாம் என்று சொல்லலாம், கால்ல விழறேன் என்று சொல்லலாம், எதைச் சொன்னாலும் அதில் நடிப்பு கலந்துவிடும் என்று பயமாக இருந்தது. அவன் இதுவரை சொன்னதில் சிறப்பாகச் சொன்னது அந்தப் பொய்தான். அப்போது அவள் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. பல்லால் கடித்துக் கையுறையை இழுத்துக் கழற்றிவிட்டு எடுத்தாள். துரைக்கண்ணு. சனிக்கிழமையில் அவன் கூப்பிடுவது வழக்கம், ஸ்பீக்கரில் போடாமலே குரல் தெரு வரைக்கும் கேட்கும்.

"என்னம்மா, அங்க பனியாமே, டிவில காட்டுறான்! மாப்பிள்ளையோட தேர் எப்படி இருக்கு?"

அவள் காரைப் பார்த்தாள். ஈரமாகக் கறுத்துப் பளபளத்த கூரையைப் பார்த்தாள். கையுறை இல்லாத விரல்கள் சிவந்துகொண்டிருந்தன. இதோ உடைகிறது, இதோ சொல்லப்போகிறாள் என்று அறிவழகன் கண்ணை மூடிக்கொண்டான், சொல்லட்டும், சொல்வதுதான் நியாயம், அண்ணனிடம் சொல்லி அழட்டும்.

"நல்லாருக்குண்ணே. இப்பத்தான் ரெண்டு பேருமாப் பனியைத் தட்டினோம்."

"இந்தக் குளிர்ல அதுக்கு இவ்ளோ பாடா? பேசாம வித்துத் தொலைக்கச் சொல்லு. இந்த வயசுல..."

"சும்மா இருண்ணே" என்றாள். "சின்ன வயசு ஆசை. வெயில்ல நாள் பூரா நின்ன மனுஷன். உனக்குத்தான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

குரல் மாறவில்லை. அவன் உற்றுக் கேட்டான், எங்காவது ஒரு விரிசல், ஒரு தடுமாற்றம் இருக்கும் என்று. இல்லை. உண்மை என்று நம்பிச் சொன்ன நாளில் எப்படிச் சொன்னாளோ அப்படியே, அதே சீறலோடு, அதே வாஞ்சையோடு சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. சொல்லத் தெரியாதவள் என்றே நினைத்திருந்தான். அவன்தான் கற்றுக்கொடுத்திருக்கிறான், இப்போது, கண்ணெதிரே, ஒரே பாடத்தில் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

அண்ணி சௌக்கியமா, பிள்ளைகள் எப்படி என்று இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு வைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். துடைப்பத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள். "இனிமே யார் கேட்டாலும் அதான். நம்ம பொண்ணு கேட்டாலும் அதான். மாத்திச் சொல்லாதீங்க."

பூட்ஸை வாசற்படியில் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டு உள்ளே போனாள். சரி என்று அவன் சொன்னபோது கதவு சாத்தியாகிவிட்டது.